‘நல்லா எடுத்திருக்கான்’

போன ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு. பிற்பகல். டிவியில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது கோயம்புத்தூரிலிருந்து மகன் போன் செய்தான். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, போனோடு நான் அடுக்களைக்குள் போனேன்.

படத்தையே நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். முடியாது. எங்கள் வீட்டில் படத்தை நடுவில் நிறுத்தத் தடை உண்டு. “தியேட்டர்ல உனக்கு போன் வந்தா, ஆபரேட்டர் படத்த நிறுத்துவானா?” — என் கணவர் போட்ட சட்டம். நான் நகர்ந்ததும் அவரே சத்தத்தை வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

மகன் தன் வாடகை வீட்டைப் பற்றிப் பேசினான். தண்ணீர் வரவில்லை. முதுகு வலிக்கிறது. மேனேஜர் சரியில்லை. கால் மணி நேரம் போனது. திரும்பி வந்தவள், கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

டிவியில் சத்தம் இல்லை. ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும். என் கணவர் சோபாவின் விளிம்பில், முன்பக்கம் சாய்ந்து, திரையை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஆறிப்போன டீ. திரையில் ஒரு பெண் நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் மெதுவாகத் தலையாட்டினார். அவள் சிரித்தாள். ஒரு நொடி கழித்து இவரும் சிரித்தார்.

பிறகு, நான் நிற்பதைக் கண்டார். என் முகத்தைப் பார்த்தார். அதில் சிரிப்பு இல்லை என்று தெரிந்ததும், தன் சிரிப்பையும் எடுத்துக்கொண்டார்.

அந்த ஒரு பார்வையில் மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் புரிந்தன. புரிந்திருக்க வேண்டாம் என்றும் தோன்றியது.

*

பேப்பரில் வாரா வாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான் பெரம்பலூரில் நூலகர். என் கணவர் அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில் மில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று ஷிஃப்ட் வேலை. பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் போவார், பஸ்ஸில் வருவார். அவர் வரும்போது நான் கிளம்பியிருப்பேன். நான் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரே கட்டிலை முறைவைத்துப் பயன்படுத்திய இரண்டு பேர் என்று எங்களைச் சொன்னால் தப்பில்லை. மகன் நடை பழகும்போதே குதிகால் தூக்கி நடக்கப் பழகினான் — அப்பா தூங்குகிறார்.

வேலை செய்யும் இடத்திலும் நான் அப்படித்தான். ‘மெதுவாகப் பேசவும்’ என்ற பலகைக்குக் கீழே முப்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன். குரல் இறங்கிவிட்டது. பிறகு அது ஏறவே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தார். முதல் மாதத்திலேயே ஓர் உண்மை தெரிந்தது. இந்த மனிதரோடு சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் இருந்து எனக்குப் பழக்கமில்லை. எனக்கென்று புத்தகங்கள் இருந்தன. அவருக்கென்று... என்ன இருந்தது? அதைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

மகன்தான் பெரிய டிவி ஒன்றை வாங்கி மாட்டினான். “ரெண்டு பேரும் சேந்து படம் பாருங்கம்மா” என்றான். எந்தப் படம் என்பதில் முதல் நாளே தகராறு. கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். ஒரு ஞாயிறு அவருக்குப் பிடித்த படம். அடுத்த ஞாயிறு எனக்குப் பிடித்தது. யாருடைய முறையோ அவர் டீ போட வேண்டும். மற்றவர் எழுந்து போகக் கூடாது, தூங்கக் கூடாது, புத்தகம் கூடாது. முடிந்ததும் ஓர் அபிப்பிராயம் கட்டாயம் சொல்ல வேண்டும். நாள்காட்டித் தாளின் மூலையில் யார் முறை என்று பேனாவால் குறித்துவைப்பார். ஷிஃப்ட் போட்டுப் பழகிய கை.

அவருடைய படங்கள் எல்லாம் அவர் வாலிப வயதில் அரியலூர்த் தியேட்டரில் பார்த்தவை. அப்ரண்டிஸாக இருந்தபோது வாடகை அறைக்கு எதிரிலேயே தியேட்டர். ஒவ்வொன்றும் எட்டு தடவை, பத்து தடவை. லாரி டிரைவர் ஒருவன் கோர்ட்டில் தன் வழக்கைத் தானே வாதாடுகிற படம் ஒன்று உண்டு — அதைப் பதினோரு தடவை. என் படங்கள் வேறு ஜாதி. இரண்டு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவார்கள். மழை பெய்யும். மறுபடியும் பேசுவார்கள்.

படம் முடிந்ததும் நான் ஆவலோடு திரும்பி, “எப்படி இருந்துச்சு?” என்பேன்.

“நல்லா எடுத்திருக்கான்.”

அவ்வளவுதான். மூன்று வருடம், எல்லாப் படத்துக்கும், அந்த இரண்டே சொல்.

ஒரு தடவை விடாப்பிடியாகக் கேட்டேன். “அவ ஏங்க அந்தக் கடிதத்தத் திருப்பி அனுப்புனா? அதச் சொல்லுங்க.”

யோசித்தார். “அது அவ இஷ்டம்” என்றார்.

இதை இந்தப் பத்தியிலேயே எழுதினேன். நினைவிருக்கிறதா? ‘இரண்டு சொல் விமர்சகர்’ என்று கேலியாக. நிறைய பேர் சிரித்து எழுதியிருந்தீர்கள். தங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு என்றீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். உள்ளே மட்டும் வலித்தது. நாம் நேசிக்கும் ஒன்றை ஒருவர் முன்னால் எடுத்து வைக்கிறோம். அவர் அதைத் தொடக்கூட இல்லை. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது வரும் தனிமைக்குத் தனியாக ஒரு பெயர் இருக்க வேண்டும். அத்தனை புத்தகங்களுக்கு நடுவே இருந்தும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தனிமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன் பாருங்கள்... அதைத்தான் தாங்க முடியவில்லை.

*

அந்த ஞாயிறுக்கு வருகிறேன்.

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சோபாவில் கிடந்த ரிமோட்டைக் கையில் எடுத்தேன். சத்தத்தை வைக்கவில்லை. இன்னும் நாற்பது நிமிடப் படம் பாக்கி.

எந்தப் படம் என்று பெயர் சொல்லப்போவதில்லை. கதை மட்டும். ஒரு மலையூர்த் தபால் ஆபீஸ். அங்கே வேலை பார்க்கும் பெண். மாற்றலாகி வந்து, மறுபடியும் மாற்றலாகிப் போகும் ஓர் ஆள். எனக்கு அந்தப் படம் உயிர். கடைசியில் அவன் விடைபெற வருவான். அவள் திரும்பிப் பார்க்காமல், கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டே, மெதுவாகச் சொல்வாள் — “இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்களேன்.” படமே அந்த ஒரு வரிதான்.

அன்றைக்கு அந்த வரி இல்லை. ஒரு பெண்ணின் முதுகு இருந்தது. கை ஏறி இறங்கியது. ஒரு ஆள் வாசலில் நின்றான். அப்புறம் எதற்காகவோ உட்கார்ந்தான். ஏன் உட்கார்ந்தான்? தெரியவில்லை. மனிதர்கள் வாயைத் திறந்தார்கள், மூடினார்கள். அறைக்குள் வந்தார்கள், போனார்கள். எனக்குக் கதை தெரியும். தெரிந்துமே நாற்பது நிமிடம் நகரவில்லை.

இதை இவர் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், முழுசாக, தூங்காமல் பார்த்திருக்கிறார்.

படம் முடிந்தது. பெயர்கள் ஓடின. அவர் என் பக்கம் திரும்பினார்.

“நல்லா எடுத்திருக்கான்” என்றார்.

“ஆமா” என்றேன். எனக்கும் வேறு சொல் கிடைக்கவில்லை.

*

இரண்டு நாள் நான் ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, பின்வாசல் படியில் உட்கார்ந்து அவர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய், முகம் தெரியும்படி உட்கார்ந்தேன்.

“எத்தனை வருஷமாக் கேக்கலீங்க?”

கத்தி நின்றது. “எது?”

“காது.”

“கேக்காம என்ன. வலது காது போயிருச்சு. எடது காது பாதி. நீ எதிர்ல உக்காந்து பேசுனா எல்லாம் வெளங்குது.”

“படம்?”

“படத்துல எவன் நேராப் பேசுறான்? என் படத்துலயாச்சும் கேமராவப் பாத்துப் பேசுவான். உன் படத்துல பாதி பேரு முதுகத்தான் காட்டுறான்.” ஒரு வெங்காயத்தை உரித்துக் கிண்ணத்தில் போட்டார். “அதுலயும் எப்பப் பாரு மழை.”

“சவுண்டக் கூட்டி வச்சிருக்கலாமே.”

“உனக்குச் சத்தம் ஆகாது.”

“அப்பச் சொல்லியிருக்கலாமே?”

அடுத்த வெங்காயத்தை எடுத்தார். உரிக்கவில்லை. உருட்டிக்கொண்டே இருந்தார்.

“சொன்னா நிறுத்திடுவ” என்றார்.

“எத?”

“ஞாயித்துக்கெழமைய. காது கேக்காதவனுக்குப் போயி என்னத்தப் படம்னு நீ புஸ்தகத்த எடுத்துக்குவ. ஒன்னையச் சொல்லல, யாரா இருந்தாலும் அப்படித்தான். வாரத்துல அந்த ஒரு நாளுதான் மங்கை, நீ எம்பக்கத்துல மூணு மணி நேரம் சேந்தாப்புல உக்காருற.”

நான் என்ன சொல்லியிருக்க முடியும்? இல்லை என்றா? நிறுத்தியிருக்க மாட்டேன் என்றா? உண்மையைச் சொன்னால் — நிறுத்தியிருப்பேன். அன்போடு, அவருக்குச் சிரமம் வேண்டாமே என்று, நிறுத்தியிருப்பேன்.

“பேப்பர்ல நான் உங்களக் கிண்டல் பண்ணி எழுதுனப்பகூடச் சொல்லத் தோணலையா?”

“அது நல்லாத்தான இருந்துச்சு. நாலு பேரு சிரிச்சாங்க.” கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது. “வாரா வாரம் அதத்தான் மொதல்ல எடுத்துப் படிக்கிறேன். அதுல மட்டுந்தான் நீ பேசுறது ஒரு எழுத்து விடாம வெளங்குது.”

வெங்காயம் உரிக்கும்போது கண்ணீர் வருவதில் ஒரு வசதி உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

*

ஒரு காலத்தில் அவர் காதுதான் அந்த ஆலையில் பேர்பெற்றது.

கல்லையும் இரும்பு உருண்டைகளையும் உள்ளே போட்டுச் சுற்றுகிற ஒரு ராட்சச உருளைதான் மில். உள்ளே எவ்வளவு அரைபடுகிறது என்பதை மீட்டர் சொல்வதற்கு முன்னால் இவர் சத்தத்தை வைத்துச் சொல்வாராம். “பசிச்சாக் கத்தும். வயிறு நெறஞ்சா மொனகும்” — கல்யாணமான புதிதில் எனக்கு விளக்கியது. மனைவியைப் பற்றிச் சொல்கிறாரோ என்று அன்றைக்கு எனக்குச் சந்தேகம்.

காதில் வைத்துக்கொள்ள ஆலையில் ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள். வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதியும் போட்டிருந்தார்கள். வைத்தால் மில் பேசுவது சரியாகக் கேட்காது என்று இவர்தான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு எப்படித் தெரியும்? துவைப்பது நான்தானே. ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி, அழுக்குப் படாமல், புதுசு போலவே பையிலிருந்து வரும். பத்திரமாக எடுத்து அலமாரியில் வைப்பேன். இது ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எதையும் படிக்காமல் விட்டதில்லை என்ற பெருமை உள்ளவள் நான்.

பக்கத்து வீட்டு ஷகிலாவிடம் வியாழக்கிழமை இதைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

“எனக்குத் தெரியுமேக்கா. நீங்க லைப்ரரி போயிட்டீங்கன்னா எங்க வூட்டுக்கும் சேத்து நியூஸ் ஓடும். எங்க வூட்டுக்காரரு டிவியே போட மாட்டாரு, சார் போட்டாப் போதும்பாரு. உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் கப்புனு அடங்கிரும்.”

“என் செருப்புச் சத்தம் அவருக்கு எப்படிக் கேக்கும்?”

ஷகிலா யோசித்தாள். “கேட் தொறக்குறது ஜன்னல்ல தெரியுமோ என்னமோ” என்றாள்.

ஆக, மாலையில் ஐந்தரை மணிக்கு அவர் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது காற்றுக்காக இல்லை.

*

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. திருச்சிக்குப் போய்க் காட்டினோம். கருவி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அளவு எடுத்திருக்கிறார்கள். ஆனால் போனதெல்லாம் திரும்பி வராதாம். முதலில் பாத்திரம் விழுவதும் பஸ் ஹாரனும்தான் பெரிதாகக் கேட்குமாம். பேச்சு பிடிபட நாளாகுமாம். அதிலும் மெல்லிய குரல்கள்...

திரும்பும் பஸ்ஸில் வழக்கம்போல் என் வலப்பக்கம் உட்கார்ந்தார். இத்தனை வருடமும் ஏன் அந்தப் பக்கம் என்று இப்போதுதான் தெரிகிறது. அவருடைய இடது காது என் பக்கம் இருக்க வேண்டும்.

சமயபுரம் தாண்டியதும் சொன்னார்: “அப்பக் குக்கரு மொதல்ல வரும். உன் கொரலு கடைசியாத்தான் வரும்.”

“வரட்டும்” என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை, தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

*

போன ஞாயிறு அவர் முறை. டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். கோர்ட்டில் வாதாடும் லாரி டிரைவர். பன்னிரண்டாவது தடவையோ, பதின்மூன்றாவதோ.

ரிமோட்டை என்னிடம் நீட்டினார். “சவுண்ட எடுத்துரு.”

“எதுக்கு? எனக்குக் கேக்குமே.”

“எடு, சொல்றேன்.”

எடுத்தேன். படம் தொடங்கியது. அவரும் தொடங்கினார்.

ஒவ்வொரு வசனமும். டிரைவர் பேசுவதை, முதலாளி பேசுவதை, போலீஸ்காரர் பேசுவதை — உதட்டசைவுக்குச் சரியாக. கதாநாயகி வெட்கப்படும் இடத்தையும் அதே கட்டைக் குரலில் சொன்னார். தாய் அழும் காட்சியில் அவரே அழுதார், பிறகு அவரே சமாதானம் செய்தார். ஒரு பாட்டு வந்தது. “இது பாட்டு. நாலு நிமிசம். போயி முறுக்கு எடுத்தா” என்றார். எழுந்து போகக் கூடாது என்ற சட்டம் அன்றைக்குத் தளர்த்தப்பட்டது.

கோர்ட் காட்சியில் எழுந்தே நின்றுவிட்டார். காது கேட்காதவரின் குரலுக்கு அளவு தெரியாது. ஷகிலா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“என்னக்கா, சார் யாரையோ நிக்க வச்சுக் கேள்வி கேக்குறாரு? சண்டையா?”

“படம்மா” என்றேன்.

“டிவி சத்தமே காணும்?”

“அதான் படம்.”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படத்தை ஏற்கெனவே அவரோடு சத்தத்தோடு பார்த்திருக்கிறேன். அவர் சொன்ன வசனங்களில் பல, படத்தில் இருந்தவை அல்ல. அங்கங்கே அவரே எதையோ வைத்து அடைத்திருக்கிறார். நீதிபதியிடம் லாரி டிரைவர் மில்லைப் பற்றியெல்லாம் பேசுகிறான். பிழை திருத்துவது என் சுபாவம். எழுத்துப் பிழையோடு வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பேனாவோடுதான் படிப்பேன். ஆனாலும் சத்தத்தை வைத்துச் சரிபார்க்க எனக்குக் கை வரவில்லை.

முடிந்ததும் வியர்த்துப்போய் உட்கார்ந்தார். “எப்படி?” என்றார்.

அபிப்பிராயம் சொல்வது சட்டம். எத்தனையோ சொல்ல இருந்தது. மூன்று வருடம் பக்கத்திலேயே இருந்து உங்களைத் தனியாக விட்டுவிட்டேன் என்று சொல்ல இருந்தது. அதை அந்தக் கூடத்தில் என் குரலில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு எழுத்து விடாமல் விளங்கட்டும்.

அன்றைக்குச் சொன்னது இதுதான்: “நல்லா எடுத்திருக்கான்.”

சிரித்தார். இந்த முறை என் முகத்தைப் பார்க்காமலே சிரித்தார்.

*

வரும் ஞாயிறு என் முறை.

தபால் ஆபீஸ் படத்தின் வசனங்களை ஒரு நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். இந்த வயதில் எளிதாக ஏறவில்லை. தவிர, அந்தப் படத்தில் யாருமே குரலை உயர்த்துவதில்லை. எனக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அந்தக் கடைசி வரியைக் கத்திச் சொன்னால் எப்படி இருக்கும்?

நேற்றுக் காலை துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனபோது, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, முழுக் குரலில் சொல்லிப் பார்த்தேன்.

“இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்களேன்!”

கீழே ஷகிலா வீட்டுக் கதவு திறந்தது. “யாருக்கா? யாரு கெளம்புறா?”

“யாரும் கெளம்பல ஷகிலா” என்றேன் — அதையும் சத்தமாகத்தான்.